ஹைக்கூ: மறுமொழிக்குக் காத்திருந்த பாட்டு

ஹைக்கூ என்றதும் மூன்று வரி என்பதே நம்மவருக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. உயர்தர வகுப்பில் கவிதை எழுதிப் பார்க்கும் மாணவர் எவரையாவது நிறுத்தி, ஹைக்கூ என்றால் என்ன என்று கேட்டால், "சுருக்கமாக எழுதுறது சேர்" என்று உடனே விடை வரும். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பத்திரிகைகளின் கவிதைப் பக்கங்கள் நெடுங்காலமாக இதையே கற்பித்து வந்திருக்கின்றன. ஒரு வசனத்தை மூன்றாக முறித்து, மூன்றாவது துண்டிலே ஒரு திடுக்கிடலை வைத்துவிட்டால் ஹைக்கூ ஆகிவிடுகிறது. இதற்கும் விடுகதைக்கும் என்ன வேற்றுமை என்று நான் கேட்பதுண்டு. விடுகதையாவது விடை சொல்ல ஓர் ஆளை வேண்டி நிற்கிறது.

விளையாட்டாகச் சொன்ன இந்தச் சொல்லிலேதான் இன்றைய நமது பொருள் அடங்கியிருக்கிறது, நேயர்களே. ஹைக்கூ ஏன் இத்தனை சிறியது? யப்பானியர் சொற்சிக்கனம் மிக்கவர்கள் என்பதாலா? பௌத்த துறவிகளின் மௌனம் அதிலே உறைந்திருக்கிறது என்பதாலா? இரண்டையும் பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வரலாறு தரும் விடை வேறு. அந்தப் பாட்டு தனிப்பாட்டாகப் பிறக்கவில்லை. வேறொருவர் பாடவிருந்த பாட்டுக்கு முன்னால் வைக்கப்பட்ட பாட்டு அது. ஒருவர் சொல்லி நிறுத்த, எதிரில் இருப்பவர் தொடர வேண்டும். சிறியதாக இருந்ததற்குக் காரணம், மீதியைப் பாட இன்னொருவர் இருந்தார் என்பதே.

யப்பானிலே 'ரெங்கா' என்றொரு கவிதை மரபு இருந்தது. தொடர்கவி என்று நாம் சொல்லலாம். ஒருவர் ஐந்து, ஏழு, ஐந்து என்ற ஒலியளவில் ஒரு பாட்டைத் தொடங்குவார். மற்றவர் ஏழு, ஏழு என்ற அளவில் இரண்டு அடிகளால் அதனை முடிப்பார். மூன்றாமவர் அந்த இரண்டடிகளைப் பற்றிக்கொண்டு மீண்டும் ஐந்து, ஏழு, ஐந்து என்று பாடுவார். இவ்வாறு நூறு பாட்டு வரை சங்கிலி போல நீளும். 1488ஆம் ஆண்டிலே சோகி என்ற புலவரும் அவருடைய மாணவர் இருவரும் மினாசே என்ற தலத்துக்காகப் பாடிய நூறு பாட்டுகள் இந்த மரபின் சிகரமாகக் கருதப்படுகின்றன.

அந்தாதியை அறிந்த நமக்கு இது புதிதல்லவே என்று தோன்றலாம். ஆனால் அந்தாதியிலே ஒரே புலவர் தாம் விட்ட சொல்லைத் தாமே பற்றிக்கொள்கிறார். ரெங்காவிலே ஒருவர் விட்டதை இன்னொருவர் பற்றுகிறார். அத்துடன் ஒரு கடினமான விதியும் உண்டு. மூன்றாம் பாட்டு இரண்டாவதோடு பொருந்த வேண்டும். ஆனால் முதலாவதைவிட்டு விலகிப் போக வேண்டும். யாரும் தமது பழைய எண்ணத்தைத் திரும்பப் பிடித்து இழுக்க இயலாது. பக்கத்தில் இருப்பவர் சொன்னதைக் கேட்டே ஆகவேண்டும். கேளாதவன் அந்தச் சபையில் இருக்க முடியாது.

இந்தச் சங்கிலியின் முதற்பாட்டுக்கு 'ஹொக்கு' என்று பெயர். அதனை விருந்தினர் பாடுவதும், அதற்கு வரும் மறுமொழியை வீட்டுக்காரர் பாடுவதும் வழக்கம். ஆகவே ஹொக்கு என்பது வாசலில் நின்று கூறும் வணக்கம். அந்த நாளின் பருவத்தைக் குறிக்கும் சொல் ஒன்று அதில் வந்தே ஆகவேண்டும் என்ற விதியும் இதிலிருந்து எழுந்ததுதான். முதன்முறை ஒரு வீட்டுக்குப் போகிறோம். எதைப் பற்றிப் பேச்சைத் தொடங்குவோம்? மழையைப் பற்றி, வெயிலைப் பற்றி, முற்றத்து மரத்தைப் பற்றி. இருவருக்கும் பொதுவாக அந்த நேரத்தில் அங்கே இருப்பது அது ஒன்றுதான். ஹைக்கூவிலே இயற்கை வந்து புகுந்த வழி இது. இயற்கையை வழிபடுவதற்காக மட்டும் அது வரவில்லை. இரண்டு மனிதர் சந்திப்பதற்குரிய பொது நிலமாகவே முதலில் வந்தது. பிற்காலத்தில் யமமோட்டோ கென்கிச்சி என்ற திறனாய்வாளர் 1946இல் எழுதிய கட்டுரையொன்றிலே, ஹைக்கூவின் உயிர்நிலைகளாக வணக்கத்தையும் நகைச்சுவையையும் எடுத்துக்காட்டினார். இரண்டுக்குமே எதிரில் ஓர் ஆள் வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

இனி, ஹைக்கூவின் தந்தை எனப்படும் பாஷோவிடம் வருவோம். இகா நாட்டிலே 1644இல் பிறந்தவர். எடோ நகரின் புறத்தே புக்ககாவாவில் வாழைமரம் நின்ற குடிலில் வாழ்ந்து, அந்த வாழையின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர். தனிமையின் கவிஞர் என்று அவரைச் சொல்வது வழக்கம். அவருடைய தவளைப் பாட்டைத் தெரியாத தமிழ் வாசகர் குறைவு. அந்தப் பாட்டிலே மனித சந்தடியே இல்லை. ஆனால் அது அச்சேறிய நூல் எது? 1686இல் வெளிவந்த தவளைப் பாட்டுத் தொகுதி ஒன்று. பாஷோவும் நண்பர்களும் மாணவர்களும் தவளையையே பொருளாக வைத்து, ஒருவர் பாட்டோடு மற்றவர் பாட்டை எதிர்வைத்து, இருபது இணைகளாக ஒப்பிட்டுப் பார்த்த நூல் அது. உலகத்தின் மிகத் தனிமையான பாட்டு ஒரு கூட்டத்தின் நடுவிலே இடம்பெற்றது என்பது எனக்கு எப்போதும் வியப்புத் தரும் செய்தி.

இதைவிடத் தெளிவான சான்று ஒன்றும் உண்டு. 1689ஆம் ஆண்டு பாஷோ, சோரா என்ற மாணவருடன் வடநாட்டுக்குக் கால்நடையாகப் புறப்பட்டார். ஏறத்தாழ 2,400 கிலோமீற்றர். ஐந்து மாத அளவு. அந்தப் பயணத்தின் நடுவே, கோடைக்காலத்து மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்களில், மொகாமி ஆற்றங்கரையிலே ஓயிஷிதா என்ற துறையை அடைந்தார்கள். அங்கே இச்சியெய் என்பவர் படகு வணிகம் செய்துவந்தார். ஆற்றோரத்தில் அவருடைய வீடு. அந்த ஊரவர் தொடர்கவியில் விருப்பமுள்ளவர்கள். ஆனால் வழிகாட்ட ஆளில்லாதவர்கள். பெரியவர் வந்திருக்கிறார் என்று அறிந்து, தங்களோடு இருந்து ஒரு தொடர் பாடவேண்டும் என்று கேட்டார்கள். பாஷோ இசைந்தார். நால்வர் கூடி முப்பத்தாறு பாட்டுகள் பாடினார்கள். பாஷோ தம் கைப்பட எழுதிய பிரதி பேணப்பட்டு வந்திருக்கிறது.

விருந்தினரான பாஷோ முதற்பாட்டைப் பாடினார். மழைநீரெல்லாம் திரண்டு ஓடும் ஆற்றைப் பாடிய அந்தப் பாட்டிலே, அன்று அவர் வைத்த சொல் 'குளிர்ச்சி'. கோடையிலே ஒருவர் வீட்டில் அமர்ந்து "இங்கே எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது" என்பது அந்த நாட்டில் வீட்டுக்காரரைப் புகழும் முறை. ஆற்றிலிருந்து வரும் காற்று உடம்பிலே படுகிறது. அந்தச் சுகத்தை உங்கள் வீடு எனக்குத் தந்தது என்று பொருள். தொடுகையால் அறிந்த ஒன்றைச் சொல்லி நன்றி கூறுகிறார். இச்சியெய் தமது கரையையும் படகுத்துறையையும் வைத்தே மறுமொழி பாடினார். விருந்தாளி உடம்பால் உணர்ந்ததை வீட்டுக்காரர் கண்ணால் கண்டதோடு சேர்த்து முடித்தார்.

அதன்பின் பாஷோ படகேறி அதே ஆற்றிலே போனார். பெருக்கெடுத்த நீரில் அது அச்சம் தரும் பயணம். ஊர் திரும்பி ஆண்டுகள் சில கழிந்தபின், தமது பயணநூலை எழுதும்போது அந்தப் பாட்டை எடுத்தார். ஒரேயொரு சொல்லை மாற்றினார். 'குளிர்ச்சி' போயிற்று, 'விரைவு' வந்தது. இன்று யப்பானிலே பாடசாலைப் பிள்ளைகள் மனனஞ்செய்வது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான். அது பெரிய பாட்டு என்பதில் ஐயமில்லை. ஆற்றின் முழு வலிமையும் அந்தச் சொல்லிலே பாய்கிறது. ஆனால் அதில் இச்சியெய் இல்லை. வீடு இல்லை. உடம்பிலே பட்ட காற்றும் இல்லை. பாட்டு வீட்டைவிட்டு வெளியேறி நூலுக்குள் போகும்போது எதை விட்டுச் செல்கிறது என்பதை இந்த ஒரு சொல் மாற்றம் காட்டுகிறது. எது சிறந்தது என்று மாணவர் கேட்பார்கள். கவிதையாக இரண்டாவது, வாழ்ந்த கணமாக முதலாவது. எனது மனம் முதலாவதையே நாடுகிறது.

இங்கே குறுந்தொகையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குறுந்தொகைப் பாட்டு ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்பு நிற்கிறது: தலைவி தோழிக்குச் சொல்லியது, தோழி தலைவனுக்கு உரைத்தது என்று. அந்தக் குறிப்பை மறைத்துவிட்டுப் படித்தால் பாட்டு அழகிய இயற்கைக் காட்சியாகவே நின்றுவிடும். யார், யாருக்கு, எப்போது சொன்னார் என்று தெரிந்தபின்தான் அந்தக் காட்சிக்குள் இருக்கும் தவிப்புத் தெரியவரும். பழைய ஹொக்குகளுக்கும் இத்தகைய முன்குறிப்புகள் உண்டு. இன்னார் வீட்டில், இன்னாரைப் பிரியும்போது என்று. நாம் மொழிபெயர்ப்புத் தொகுதிகளில் படிக்கும்போது அவை பெரும்பாலும் உதிர்ந்துவிடுகின்றன. கூற்று நீக்கிய குறுந்தொகையை எவராவது நமக்குத் தந்தால் ஏற்றுக்கொள்வோமா?

பாஷோவின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 1694இல், உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் ஒசாக்காவுக்குப் போனார். அங்கே தம் மாணவர் இருவருக்கிடையில் மூண்டிருந்த பகையைத் தீர்த்துவைப்பது அந்தப் பயணத்தின் நோக்கங்களில் ஒன்று. அந்நகரிலேயே நோயுற்றார், மாணவர் சூழ்ந்திருக்க உயிர் நீத்தார்.

பாஷோவுக்குப் பின் வந்த பெரியவர் பூசோன். அவர் ஓவியர், கண்ணால் எழுதியவர். நமது பொருள் தொடுகையாதலால் அவரைத் தாண்டி இஸ்ஸாவிடம் போகிறேன்.

இஸ்ஸா 1763இல் கஷிவாபரா என்ற பனிமலைக் கிராமத்தில் கமக்காரர் வீட்டில் பிறந்தவர். அவர்கள் கணக்கின்படி மூன்று வயதில் தாயை இழந்தார். சிற்றன்னையோடு ஒத்துப்போகாமையால் பதினைந்து வயதில் எடோவுக்கு அனுப்பப்பட்டார். 1801இல் தந்தை நோயுற்றபோது ஊரில் இருந்தார். அருகிருந்து பணிவிடை செய்தார். நோயாளி பேரிக்காய் கேட்டார் என்பதற்காக, பருவமல்லாத காலத்தில் சென்கோஜி நகரம் வரை நடந்துபோய்க் கடைகடையாகத் தேடி வெறுங்கையோடு திரும்பியதை அவர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். தந்தை இறந்தபின் முதுசத்துக்காகச் சிற்றன்னையோடும் அவள் மகனோடும் பத்தாண்டுகளுக்கு மேல் வழக்காடினார். ஐம்பது கடந்தபின் திருமணம். பிறந்த பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். சாத்தோ என்ற பெண்குழந்தை 1819இல் அம்மை நோயால் இறந்தாள். 1823இல் மனைவி கிக்குவும் போனாள். 1827இல் ஊரில் மூண்ட தீ வீட்டையும் கொண்டுபோக, எஞ்சிய மண்சுவர்க் களஞ்சிய அறையொன்றில் குடியிருந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் காலமானார். அந்த அறை இன்றும் கஷிவாபராவில் நிற்கிறது.

ஏறத்தாழ இருபதினாயிரம் பாட்டுகள் இஸ்ஸாவின் பெயரில் உள்ளன. ஈயோடும் தெள்ளோடும் தவளையோடும் குருவிக் குஞ்சோடும் அவர் பேசுகிறார். குழந்தைத்தனமான இரக்கம் என்று சிலர் இதனைச் சிறிதாக மதிப்பிடுவர். நான் அவ்வாறு கருதவில்லை. ஹொக்கு வணக்கமாகப் பிறந்தது என்பதை மனத்தில் வைத்துப் பாருங்கள். வணக்கம் சொல்ல வாசலில் நிற்கிறார். வீட்டில் ஆள் இல்லை. யார் இருக்கிறார்களோ அவர்களுக்குச் சொல்கிறார். படுக்கையில் ஊரும் தெள்ளு அவருடைய உடம்பைத் தொடும் உயிராக இருந்தது.

இனி வருவது ஒரு வெட்டு. வெட்டியவர் மசவோக்கா ஷிக்கி. மட்சுயாமாவில் 1867இல் பிறந்தவர். 'நிப்பொன்' என்ற பத்திரிகையில் பணியாற்றியவர். மேலைநாட்டு இலக்கியக் கொள்கைகள் யப்பானுக்குள் வந்திறங்கிய காலம் அது. இலக்கியம் என்றால் ஒரு தனி மனிதனின் முழுமையான படைப்பு என்ற எண்ணம் வலுப்பெற்றிருந்தது. ஷிக்கி 1893இல் பாஷோவைப் பற்றி எழுதிய கட்டுரைத் தொடரிலே, ஹொக்கு இலக்கியம், தொடர்கவி இலக்கியமன்று என்று தீர்ப்புக் கூறினார். பலர் கூடிப் பாடுவதில் ஒருமைப்பாடு இல்லை என்பது அவருடைய வாதம். முதற்பாட்டைச் சங்கிலியிலிருந்து அறுத்தெடுத்துத் தனியே நிறுத்தினார். 'ஹைக்கூ' என்ற பெயர் இன்றைய பொருளில் நிலைபெற்றது அவராலேயே. அவர் அதைச் செய்திராவிட்டால் அந்தக் கலை நலிந்த பொழுதுபோக்காகவே முடிந்திருக்கும் என்பாரும் உளர், அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் வாழ்க்கை அவருக்கு வேறு ஏற்பாடு செய்திருந்தது. காசநோய் முதுகெலும்பைப் பற்றிக்கொண்டது. கடைசி ஆண்டுகளில் எழுந்து நிற்க இயலாமல் படுத்த படுக்கையானார். தாயும் தங்கை ரிட்சுவும் நாள்தோறும் புண்களைக் கழுவிக் கட்டினார்கள். மாணவர்கள் முறைவைத்து அருகிருந்தார்கள். 1899 டிசம்பரில் கியோஷி என்ற மாணவர் அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு போடுவித்தார். கடதாசிக் கதவுக்கு அப்பால் ஒலியாக மட்டும் கேட்டுக்கொண்டிருந்த தோட்டம் அதன்பின் கண்ணுக்குத் தெரிந்தது. படுக்கையிலிருந்தபடியே 'ஆறடி நோய்ப்படுக்கை' என்ற பத்தியை 1902 மே மாதம் முதல் 'நிப்பொன்' பத்திரிகையில் எழுதினார். நூற்றிருபத்தேழு பகுதிகள். கடைசிப் பகுதி செப்டெம்பர் 17இல் வெளிவந்தது. 19ஆந் தேதி அவர் இறந்தார். தொடர்கவியை இலக்கியமன்று என்று ஒதுக்கியவர், தமக்கு வேண்டிய ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்த்துக் கிடந்தார். கவிதையையும் அவர் கூட்டமாகவே நடத்தினார். அவருடைய சிறிய அறையிலே கவிதைக் கூட்டங்கள் நடந்தன.

தமிழுக்கு ஹைக்கூ வந்தது இந்த வெட்டுக்குப் பின்னர்தான். கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் நோகுச்சி என்ற யப்பானியக் கவிஞர் எழுதியதைப் படித்த பாரதியார், 1916 ஒக்டோபர் 16ஆம் நாள் 'சுதேசமித்திர'னில் யப்பானியக் கவிதை பற்றிக் கட்டுரை எழுதினார். சில சொற்களில் பெரும்பொருளை அடக்கும் ஆற்றலை வியந்தார். ஓசைக்காகச் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்த அன்றைய தமிழ்ச் செய்யுளுக்கு அது வேண்டிய மருந்து. ஆயினும் நம் கைக்கு வந்தது அறுத்தெடுத்த பாட்டு. சுருக்கம் வந்தது, வணக்கமும் மறுமொழியும் கப்பலேறவில்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் தமிழிலே ஹைக்கூ பெருகியபோதும் நாம் அந்தச் சுருக்கத்தையே பெருக்கினோம்.

யப்பானில் அந்த மறுபாதி அழிந்துபோயிற்றா? இல்லை. அது எங்கே உயிரோடிருந்தது என்பதை அறிய, ஒருவர் இன்னொருவரைத் தொடுவதே தடைசெய்யப்பட்ட ஓர் இடத்துக்கு நாம் போகவேண்டும்.

யப்பானில் தொழுநோயாளரை ஒதுக்கிவைக்கும் சட்டம் 1907இல் பிறந்தது. வீடின்றி அலைந்தோரை மட்டும் அது முதலில் பிடித்தது. 1931இல் எல்லா நோயாளரையும் விடுதிகளில் அடைப்பதாக விரிந்தது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டு நோய் குணமாகத் தொடங்கிய பின்னரும், 1953இல் அதே சட்டம் புதுப்பிக்கப்பட்டது. 1996 வரை அது நீங்கவில்லை. 2001 மே 11இல் குமமோட்டோ நீதிமன்றம் அரசின் செயல் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. பிறந்த குடும்பத்துக்கு இழிவு வரக்கூடாதென்று விடுதிக்குள் நுழையும்போதே பலர் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். இறந்தபின் சாம்பலைக்கூட உறவினர் வாங்கமாட்டார்கள் என்பதால், விடுதிகளிலேயே அதனை வைக்க மண்டபங்கள் கட்டப்பட்டன.

ஐம்புலன்களில் தொடுபுலனைப் பழந்தமிழ் 'ஊறு' என்றது. அதே சொல்லுக்குத் துன்பம், காயம் என்ற பொருளும் உண்டு. இந்த இரண்டு பொருளும் ஏன் ஒரு சொல்லில் இருக்கின்றன என்பதை இந்த நோயைப் பற்றி வாசித்தபோதே நான் நன்கு விளங்கிக்கொண்டேன். தொழுநோய் முதலில் நரம்பைக் கொல்கிறது. தொட்டால் தெரியாது, ஆகவே சுட்டாலும் வெட்டினாலும் தெரியாது. நோவு அறியாத விரல்கள் காயப்பட்டுக் காயப்பட்டுத் தேய்ந்து போகின்றன. பார்வையும் போனால், குருடர்க்குரிய புள்ளியெழுத்தை விரலால் தடவிப் படிக்கவும் வழியில்லை. அவ்வாறானவர்களில் சிலர் நாவினாலே படிக்கக் கற்றார்கள். உடம்பிலே உணர்ச்சி எஞ்சியிருந்த இடம் அதுவே. கடதாசிப் புள்ளிகளின்மேல் நாவை வைத்து வைத்து, அது கிழிந்து குருதி கசியும்வரை பழகினார்கள்.

இந்த விடுதிகளில் கவிதைச் சங்கங்கள் இருந்தன. குன்மா மாகாணத்து மலையிலே, வெந்நீரூற்றுக்குப் பெயர்போன குசட்சுவில், 1932இல் தொடங்கிய குரியூ ரகுசென்-என் என்ற விடுதி அவற்றிலொன்று. அடங்காதவர்களை அடைக்க அங்கே ஒரு சிறை இருந்தது. 1938 முதல் 1947 வரை அதில் அடைபட்டவர் தொண்ணூற்று மூவர். மாண்டவர் இருபத்து மூவர். அதே மலையிலே ஒரு ஹைக்கூக் கூட்டமும் நடந்தது.

ஹைக்கூக் கூட்டத்துக்குக் 'குகாய்' என்று பெயர். அதன் நடைமுறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். வந்தவர் ஒவ்வொருவரும் தம் பாட்டுகளைச் சிறு கடதாசித் துண்டுகளில் பெயரின்றி எழுதிப் போடுகிறார்கள். அவற்றைக் கலந்து, கையெழுத்து அடையாளம் தெரியாதபடி வேறொருவர் படியெடுக்கிறார். அந்தத் தாள்கள் சுற்றி வருகின்றன. தமக்குப் பிடித்தவற்றை ஒவ்வொருவரும் தெரிந்தெடுக்கிறார்கள். ஆசிரியரும் தெரிந்தெடுக்கிறார். பின்பு தெரிவானவை உரக்க வாசிக்கப்படுகின்றன. தம் பாட்டு வாசிக்கப்பட்டதும் அதனை எழுதியவர், இருந்த இடத்திலிருந்து தம் பெயரைக் கூறுகிறார். அவ்வளவுதான். இதற்கு 'நனோரி', பெயர் கூறல், என்று பெயர்.

வெளியுலகில் இது ஒரு சபை ஒழுங்கு. அந்த மலையிலே இதன் பொருள் என்னவாக இருந்திருக்கும்! சொந்தப் பெயரை விடுதி வாசலில் விட்டுவந்தவர், தாம் தேர்ந்துகொண்ட புனைபெயரை உரத்துச் சொல்கிறார். விரலில்லாதவருடைய பாட்டை விரலுள்ளவர் எழுதுகிறார். கண்ணில்லாதவருக்குப் பக்கத்திலிருப்பவர் வாசித்துக் காட்டுகிறார். ஷிக்கி அறுத்துவிட்ட சங்கிலியை இவர்கள் தெரிந்து கட்டவில்லை. ஒருவர் இல்லாமல் ஒருவருக்குப் பாட்டு எழுத முடியாத நிலையில் அது தானாகக் கட்டிக்கொண்டது.

அந்தக் கூட்டத்திலே முரகோஷி கசெக்கி என்பவர் இருந்தார். ஷிசுவோக்கா மாகாணத்தில், தேயிலை விளையும் மலைக்கிராமம் ஒன்றில் 1922இல் பிறந்தவர். பதினாறு வயதில், பாடசாலையில் படிக்கும்போது நோய் தெரிந்தது. வீட்டைவிட்டுப் போனார். 1941இல் குசட்சு விடுதியில் சேர்ந்தார். 'கசெக்கி' என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர். மண்ணில் புதைந்து கல்லாகிப்போன உயிரை, புதைபடிவம் என்று நாம் சொல்வதை, அந்தச் சொல் குறிக்கும்.

ஓனோ ரிங்கா என்ற கவிஞர் 'ஹமா' என்ற இதழை நடத்தியவர். கசெக்கி அவரைத் தம் ஆசிரியராகக் கொண்டார். தபாலில் பாட்டுகள் போயின, தெரிவுகள் வந்தன. வெளியார் அந்த விடுதிகளை நெருங்க அஞ்சிய அந்தக் காலத்திலே, 1950களில், ரிங்கா நேரில் மலையேறி வந்தார். நோயாளரோடு ஒரே அறையில் அமர்ந்து கூட்டம் நடத்தினார். ஒருமுறை வந்து இரங்கிவிட்டுப் போகாமல், பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்தார். அந்த விடுதிக் கவிஞரின் தொகுதியொன்றை 1955இல் அவரே பதிப்பித்தார். விருந்தினராக ஒருவர் வந்து உட்கார்ந்தால்தான் முதற்பாட்டும் மறுமொழியும் உண்டாகும் என்ற பழைய முறையை இது எனக்கு நினைவூட்டுகிறது. ஓயிஷிதா மக்கள் பாஷோவை இருக்கும்படி கேட்டார்கள். குசட்சுவில் உள்ளவர்களுக்கு வழியில் போகும் பெரியவரை அழைக்கும் உரிமையும் இருக்கவில்லை. வந்தவர் தாமாகவே வந்தார்.

கசெக்கி 1958இல் கடோகாவா ஹைக்கூப் பரிசு பெற்றார். புதிய மருந்தால் நோய் நின்றது. ஆனால் அது விட்டுப்போன சேதம் நிற்கவில்லை. 1970 அளவில் இரு கண்களின் பார்வையும் அறவே போயிற்று. அதன்பின் வந்தவையே அவருடைய சிறந்த தொகுதிகள் என்று சொல்லப்படுகின்றன. 1983இல் தகோட்சு பரிசு பெற்ற நூலின் பெயருக்கு 'நிமிர்ந்திருத்தல்' என்று பொருள். 1989இல் இன்னொரு பெரும் பரிசைப் பெற்ற நூலின் பெயர் 'துட்சுதோரி'. மலைக்காட்டில் கூவும் குயிலினப் பறவை அது. கண்ணுக்கு எளிதில் அகப்படாதது. குரலால் மட்டும் அறியப்படுவது. கண்ணிழந்தவர் தம் நூலுக்கு அந்தப் பறவையின் பெயரை வைத்தார். பருவச் சொல் வேண்டும் என்ற பழைய விதியையும் அவர் விடவில்லை. வெயிலின் சூடும் பனியின் குளிரும் காற்றின் மணமும் அவருக்கு வெளியுலகிலிருந்து வரும் கடிதங்களாயின. உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் சட்டத்தால் பிரிக்க முடியாத பொது நிலம் பருவம் ஒன்றுதான்.

அவருடைய பாட்டுகளை வெளியூர்களில் இருந்தவர்கள் இதழ்களில் படித்தார்கள், தெரிந்தெடுத்தார்கள், மறுமொழி எழுதினார்கள். பிற்காலத்தில், அவர் பதினாறு வயதில் விட்டுப்போன அந்தக் கிராமத்தவரே அவர் பாட்டொன்றைக் கல்லில் பொறித்து நிறுத்தினார்கள். சொந்த ஊரின் நினைவால் விழித்தெழுவதைப் பற்றிய பாட்டு அது.

முரகோஷி கசெக்கி 2014 மார்ச் 8ஆம் நாள் தமது 91ஆவது வயதிலே காலமானார். ஒதுக்கிவைத்த சட்டம் நீங்கி அப்போது ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் இறந்தது குசட்சுவில், அந்த விடுதியில்.